கருமணலில் விழாத நிழல்

மூன்று கோடை விடுமுறைகளைத் தப்பான நேரத்தில் கடற்கரைக்குப் போயே வீணடித்தேன். கடற்கரை என்றால் மாலை என்று யார் என் மண்டையில் ஏற்றினார்களோ தெரியாது. வெயில் தாழ்ந்ததும் தோளில் பையை மாட்டிக்கொண்டு, நாகர்கோவிலில் மணவாளக்குறிச்சி வழியாகப் போகும் குளச்சல் பஸ்ஸைப் பிடிப்பேன். போய்ச் சேரும்போது ஐந்தரை ஆகியிருக்கும். பிள்ளைகள் தண்ணீரில் கூத்தடித்துக்கொண்டிருப்பார்கள். நானும் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து விறுவிறுவென்று வரைந்து தள்ளுவேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் விரித்துப் பார்த்தால் பத்துத் தாளிலும் ஒரே படம். பின்னால் ஆரஞ்சு, முன்னால் கறுப்புப் பொம்மைகள். நகைக்கடைக் காலண்டருக்கு அது போதும்.

பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை எனக்கு. வருடம் முழுவதும் பூச்சாடியும் பழக்கூடையும் வரையச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடிய பிறகுதான் எனக்கென்று தூரிகை எடுப்பேன். கடற்கரையில் விளையாடும் பிள்ளைகளை வரைய வேண்டும் என்ற பித்து ஒரு ஸ்பெயின்காரரால் வந்தது. ஹோவாக்கின் சொரோயா, 1863-இல் வலென்சியாவில் பிறந்தவர். அந்த ஊர்க் கடற்கரையில் குளிக்கும் பிள்ளைகளையும் கரைக்கு வரும் படகுகளையும் காலமெல்லாம் வரைந்தார். மாட்ரிடில் உள்ள பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய படம் ஒன்றை அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அலை வந்து நக்கிவிட்டுப் போன ஈர மணலில் மூன்று சிறுவர்கள் குப்புறப் படுத்திருக்கிறார்கள். உடம்பில் ஒட்டுத் துணி இல்லை. முதுகில் தண்ணீர் மினுங்குகிறது. கதை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முதுகுகளைப் பார்த்தால் நம் முதுகிலும் வெயில் சுடும்.

அவருடைய வெளிச்சம் ஏன் எனக்கு வசப்படவில்லை என்று மூன்று வருடம் மூளையைக் குழப்பிக்கொண்டேன். வண்ணம் மட்டமோ, தாள் மட்டமோ, கடைசியில் கைதான் மட்டமோ என்றெல்லாம் நினைத்தேன். விடை கிடைத்த இடம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடம். வலென்சியா ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அங்கே மாலைச் சூரியன் ஊர்ப் பக்கம் இறங்கும். கடலைப் பார்த்து நிற்கும் ஓவியனின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். பிள்ளைகளின் முகத்திலும் மார்பிலும் அலையின் நெற்றியிலும் நேராகப் பட்டுத் தெறிக்கும். மணவாளக்குறிச்சிக் கரை பார்ப்பதோ தென்மேற்கு. நம்முடைய மாலைச் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. நான் வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் நிழல் பக்கத்தை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

அவருடைய மாலை எனக்கு வேண்டுமானால் நான் காலையில் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள மூன்று வருடம்! என் மனைவியிடம் சொன்னபோது, "சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றாள்.

அடுத்த மே மாதம் முதல் பஸ்ஸில் கிளம்பினேன். ஆறரைக்குக் கரையில் இருந்தேன். காலைக் கடற்கரை வேறு ஊர். வள்ளங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. மணலில் கொட்டிய சாளையைச் சுற்றி ஏலம் நடந்தது. அலுமினியச் சட்டியோடு பெண்கள், காகங்கள், எல்லோர் காலுக்கும் இடையில் ஒரு நாய். பிள்ளைகள் ஏற்கெனவே எழுந்து வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் அடித்து எழுப்ப வேண்டியவர்கள் விடுமுறையில் விடியுமுன் கடலில் நிற்கிறார்கள். மே மாதச் சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே எழுந்து, தென்னந்தோப்புக்கு மேலாக, என் முதுகுக்கு இடப்புறமிருந்து வந்தது. நான் கண்டேன், என் சொரோயா வெளிச்சத்தை! முதல் முறையாக ஒரு பையனின் முகத்தை முகமாகப் பார்த்தேன்.

அப்படியும் படம் வரவில்லை.

சிக்கல் மணலில் இருந்தது. சொரோயாவின் பாணியில் நிழலுக்கு நீலமும் ஊதாவும் குழைத்து வைத்திருந்தேன். வெளிறிய மஞ்சள் மணலில் அந்த ஊதா நிழல் விழுந்தால் மனிதர் தரையில் நிற்பார்கள். மணவாளக்குறிச்சி மணல் பல இடங்களில் கறுப்பு. அதன்மேல் நிழல் விழுந்தாலும் விழுந்த தடம் தெரியாது. ஊதாவைப் பூசினால் நிழல் மணலைவிட வெளிச்சமாக நின்றது. பூசாமல் விட்டால் பிள்ளைகள் அந்தரத்தில் தொங்கினார்கள். இன்னொன்றும் கவனித்தேன். வெளுத்த மணல் கீழேயிருந்தும் வெளிச்சம் அடிக்கும். நிற்பவரின் தாடைக்கு அடியில், வயிற்றின் கீழ்ப்பாதியில், கை மடிப்பில் எல்லாம் ஒரு மஞ்சள் பூச்சு ஏறும். சொத்தவிளைப் பக்கம் போனால் நம்மூரிலேயே இதைப் பார்க்கலாம். கருமணல் எதையும் திருப்பித் தராது. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு சூடாகத்தான் கொடுக்கும். அதனால் இங்கே பிள்ளைகளுக்கு மேல்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி ஒரு நிறம். தோளில் வெயில், தாடைக்கு அடியில் இரவு.

பத்து மணிக்கு மேல் எந்த ஸ்பெயின்காரரும் உதவ மாட்டார். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு எட்டுப் பாகை வடக்கே. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் உச்சிவேளையில் சூரியன் சரியாக நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. அதற்குப் பிறகு அது வடக்கே நகர்ந்துவிடும். மே மாத நண்பகலில் கடலைப் பார்த்து நின்றால் நம் குட்டை நிழல் தெற்கே, கடல் பக்கம் சாய்ந்து கிடக்கும். இதை நான் பாடத்தில் படித்ததுண்டு. என் நிழலையே ஒருநாள் குனிந்து பார்த்தபோதுதான் நம்பினேன். வலென்சியாவில் சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு வராது.

ஊதாவைக் கழுவிவிட்டு மணலைக் கையில் அள்ளிப் பார்த்தேன். கறுப்பு என்று சொல்கிறோமே தவிர, உள்ளங்கையில் அது கறுப்பாக இல்லை. எஃகுச் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் பொடி, நடுவே கண்ணாடித் துணுக்குகள், ஓரத்தில் மாதுளை முத்து நிறத்தில் செம்மணல். அந்தச் சிவப்பு கார்னெட் என்ற கனிமம். கறுப்பின் பெரும்பகுதி இல்மனைட் என்ற கனிமம். கடல் இதை முறத்தில் புடைப்பது போல் புடைத்துப் பிரிக்கிறது. சாதாரண வெண்மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்றால் இல்மனைட்டின் அடர்த்தி 4.7-க்கு அருகே. ஆனி, ஆடியில் கடல் மூர்க்கமாகும்போது இலேசான மணலை அலை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது கரையில் தங்கிவிடும். கோடை நெருங்க நெருங்க வெண்மணல் திரும்பி வந்து மேலே படியும். கையால் ஒரு குழி தோண்டினால் கறுப்பும் வெள்ளையும் சிவப்பும் அடுக்கடுக்காகத் தெரியும்.

கன்னியாகுமரியில் இதைப் பொட்டலம் போட்டு விற்பார்கள். நடக்காமல் போன கல்யாணத்துக்குச் சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் மணலாயின என்று கதை. சின்ன வயதில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு மணியைக் கடித்துப் பார்த்தவன் நான். பல் கூசியது.

கறுப்பு வண்ண டியூபை அன்றைக்கே மூடி வைத்துவிட்டேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரைன் என்ற நீலத்தையும் சேர்த்துக் குழைத்தால் ஓர் உயிருள்ள கருமை வரும். நீலத்தைக் கூட்டினால் ஈர மணல், சியன்னாவைக் கூட்டினால் காய்ந்த மணல். வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளின் தோலுக்கும் அதே இரண்டு வண்ணங்கள்தான் அடிப்படை. தரையும் பிள்ளைகளும் ஒரே கிண்ணத்திலிருந்து வந்தபோது அவர்கள் அந்தரத்திலிருந்து இறங்கி மணலில் நின்றார்கள்.

இனி அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுற்றுலா வந்த பிள்ளைகளையும் கரையில் பிறந்த பிள்ளைகளையும் நூறடி தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம். வந்தவர்கள் அலையைப் பார்த்துக் கத்துவார்கள். அலை வரும்போது ஓடுவார்கள். அது போனதும் திரும்பி வருவார்கள். ஊர்ப் பிள்ளைகள் அலையைப் பார்ப்பதே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார்கள். அலை மடியும் நொடியில் மட்டும் பேச்சை நிறுத்தாமலே ஒரு தோளைத் தாழ்த்துவார்கள். அலை அவர்களைத் தாண்டிப் போய்விடும். இந்தத் தோள் தாழ்த்தலை வரையத்தான் எனக்கு ஒரு கோடை முழுவதும் பிடித்தது.

அவர்கள் ஆடும் விளையாட்டில் பாதி வேலைதான். கிழிந்த வலைத்துண்டு ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வருவார்கள். இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, பெரியவர்கள் கரைமடி இழுப்பது போலவே பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுப்பார்கள். ஒருவன் மீனவர்களின் அம்பாப் பாட்டு போல ஏதோ எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் ஓவென்று பின்பாட்டுப் பாடுவார்கள். வலைக்குள் மீன் இருக்காது. நாலு வயதுத் தம்பி ஒருவன் இருப்பான். அவன்தான் மீன். கரைக்கு வந்ததும் அவனை ஏலம் விடுவார்கள். நான் பார்த்த அன்று நூற்றிருபது ரூபாய்க்குப் போனான். வாங்கியவள் அவனுடைய அக்காதான், கடன் சொல்லி வாங்கினாள்.

உலர்ந்த மணலில் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். மணலை நீளமாகக் கரைபோல் குவித்து, உள்ளே ஒரு துரும்பை ஒளித்து, இரண்டு கையையும் கோத்து எங்கே இருக்கிறது என்று பொத்துவார்கள். மணல்மேட்டில் கமுகம்பாளை வண்டி. ஒருவன் பாளையில் உட்கார, இன்னொருவன் ஓலை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் ஓடுவான். மேற்கே தூத்தூர் வட்டாரத்துக்குப் போனால் மற்ற எதற்கும் இடமில்லை, கால்பந்து மட்டும்தான். கடலரிப்புக்குக் கல் போட்ட ஊர்களில் பிள்ளைகளுக்கு மணலே மிச்சமில்லை. அவர்கள் கடலுக்குள் நீளும் கல்தடுப்பான தூண்டில் வளைவின் பாறைகளில் தவ்வித் தவ்வி நண்டு பிடிக்கிறார்கள். அங்கேயும் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். கல்லுக்கு நடுவே பிள்ளைகளை வரைந்தால் அது வேறு படம், எனக்குத் தெரியாத படம்.

பதினொரு வயதிருக்கும் ஒருவன் மட்டும் எந்தக் கோஷ்டியிலும் சேர மாட்டான். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை நூலில் கட்டி, நாய்க்குட்டியை நடத்திப் போவதுபோல் கருமணலில் இழுத்துக்கொண்டே போவான். கொஞ்ச தூரம் போனதும் தூக்கிப் பார்ப்பான். காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்திருக்கும். அதை விரலால் வழித்து ஒரு மருந்துப் புட்டியில் போடுவான். எதற்கு என்று கேட்டேன். "சும்மா, சாரே" என்றான். அதைவிட நல்ல காரணம் எனக்கும் இல்லை, நான் வரைவதற்கு.

அந்தப் பையன் செய்வதைத்தான் சாலையோரத்து மணல் ஆலையும் பெரிய அளவில் செய்கிறது. அங்கேயும் மணலைக் காந்தத்தின் வழியாக ஓட்டித்தான் பிரிக்கிறார்கள். தொடக்கம் ஒரு கயிற்றுச் சுமையில். இங்கிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-இல் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுகொண்டார். அன்றைக்கு வாயு விளக்கின் மேன்டிலுக்கு அதிலுள்ள தோரியம் வேண்டியிருந்தது. அதே 1909 கோடையில்தான் சொரோயா வலென்சியாக் கரையில் வெண்கலம் போன்ற பையன்களையும், குளிப்பாட்டிக் கூட்டி வரும் வெள்ளைக் குதிரையையும் வரைந்துகொண்டிருந்தார். ஆலையைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். சோறு போட்டது என்பார் ஒருவர், கரையைத் தின்றது என்பார் இன்னொருவர். பிள்ளைகள் இரண்டு வீட்டிலிருந்தும் வந்து ஒரே வலையை இழுக்கிறார்கள்.

எனக்கு அந்த மணலில் சொந்தமாக ஒரு வழக்கு இருக்கிறது. என் வெள்ளை வண்ண டியூபில் பொடி எழுத்தில் பி.டபிள்யூ. 6 என்று அச்சிட்டிருக்கும். டைட்டானியம் டை ஆக்சைடு என்று அர்த்தம். அதற்கான தாது இந்த இல்மனைட்தான். நம் கரையின் கறுப்பு மணலை அமிலத்தில் கரைத்து இரும்பை நீக்கினால் உலகத்தின் மிகப் பிரகாசமான வெள்ளைகளில் ஒன்று மிஞ்சும். பக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே அதற்கு 1946-இல் தொடங்கிய ஆலை இருக்கிறது. சொரோயாவுக்கு இந்த வெள்ளை கிடைத்திருக்காது. டைட்டானிய வெள்ளை ஓவியர்களின் கைக்குப் பரவலாக வந்தது 1920-களில். அவர் 1920-இல் பக்கவாதத்தில் விழுந்து தூரிகையை விட்டார், 1923-இல் இறந்தார். அவருடைய அலைநுரை எல்லாம் அதற்கு முந்தைய வெள்ளை. டியூபில் இருக்கும் வெள்ளை எந்தக் கரையிலிருந்து வந்தது என்று யாரும் அச்சிடுவதில்லை. ஆனாலும் பிதுக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான்.

அந்த வெள்ளையை நான் ஒருமுறை கேவலமாகப் பயன்படுத்தியிருக்கிறேன். கடலோர விடுதி ஒன்று வரவேற்பறைக்கு இரண்டு படம் கேட்டது. கடல், பிள்ளைகள், சந்தோஷம் என்று மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டார்கள். கொண்டுபோய்க் காட்டினேன். மேலாளர் நல்ல மனிதர், டீ எல்லாம் வரவழைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "பிள்ளைகள் ரொம்பக் கறுப்பாக இருக்கிறார்களே. கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் வருகிறவர்களுக்குப் பிடிக்கும்" என்றார். அவரும் கறுப்பு, நானும் கறுப்பு. முன்பணத்தில் ஏற்கெனவே சட்டம் அடித்தாயிற்று. நான் வாதாடியிருக்கலாம். வாதாடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, தோல் நிறத்தில் வெள்ளையைக் கலந்து ஐந்து பிள்ளைகளையும் வெளுத்தேன்.

வண்ணம் தெரிந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரியும். சியன்னாவில் வெள்ளையைக் கலந்தால் நிறம் வெளுக்காது, சாம்பல் பூக்கும். பிள்ளைகள் திருநீற்றில் புரண்டு எழுந்தவர்கள்போல் நின்றார்கள். உண்மையில் ஈரத்தில் நனைந்த கறுத்த தோலில் விழும் மினுக்கம் வெள்ளையே இல்லை, அது வானத்தின் நீலம். தோள்பட்டையில், கெண்டைக்காலில், மூக்கு நுனியில் துண்டு துண்டாக வானம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளுத்த தோலில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது. கறுப்பில்தான் நீலம் எரியும். அந்த இரண்டு படங்களும் இன்னும் அங்கேதான் தொங்குகின்றன. அந்தச் சாலையில் போகும்போது நான் பஸ்ஸின் மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன்.

கடற்கரைப் பிள்ளைகளை வரைந்தவர்களில் அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டின் படம் ஒன்று எனக்குச் சொரோயாவைவிட நெருக்கம். 1884-இல் வரைந்தது, வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. மணலில் இரண்டு சின்னப் பெண்கள் வாளியும் மண்வாரியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருமே நம்மைப் பார்க்கவில்லை. கன்னம் உப்பி, தலை குனிந்து, மணலைத் தவிர உலகத்தில் வேறொன்றும் கிடையாது என்பதுபோல் தோண்டுகிறார்கள். நான் கைபேசியை எடுத்தால் பிள்ளைகள் ஓடிவந்து இரண்டு விரலை நீட்டிப் பல்லைக் காட்டிவிடுவார்கள். பென்சிலை எடுத்தால் பத்து நிமிடம் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார்கள், பிறகு அலுத்துப்போய் மறந்துவிடுவார்கள். மறந்த பிறகு கிடைப்பதுதான் படம். இந்த ஒரு காரணத்துக்காகவே புகைப்படம் எடுத்து வைத்துப் பார்த்து வரைவதை நான் விட்டுவிட்டேன்.

கசாட் படத்தைப் பார்த்த பிறகுதான் என் தாள்களில் பெண்பிள்ளைகள் எவ்வளவு குறைவு என்று உறைத்தது. திரும்பப் போய்க் கண்ணால் எண்ணினேன். எட்டு, ஒன்பது வயதுவரை அவர்களும் அலைக்குள் இருக்கிறார்கள். அதன் பிறகு கரைக்கு ஏறிவிடுகிறார்கள். இடுப்பில் ஒரு தம்பி, கையில் யாருடைய செருப்போ. தண்ணீர் தொடும் விளிம்பில் நின்று பாவாடையைக் கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்துக் கால் நனைப்பார்கள். அப்புறம் அதுவும் இல்லை. பெரிய படத்தில் தம்பியை நூற்றிருபதுக்கு வாங்கிய அக்காவை நடுவில் வைத்தேன்.

கரையில் இன்னும் ஒரு கூட்டம் இருக்கும், படத்தில் இல்லாத கூட்டம். படகு நிழலில் வலை பொத்துகிறவர்கள், மீன் காயப்போடும் பெண்கள். கை வேலையில் இருக்கும், கண் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீருக்குப் போய்வரும். 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் யார் வீட்டிலும் பழைய கதையாகிவிடவில்லை. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பிள்ளைகளை இழந்த ஊர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். கோடைக் கடலுக்கும் ஒரு குணம் உண்டு. காற்றே இருக்காது, வானம் கண்ணாடிபோல் இருக்கும், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணப்பட்டு வந்து திடீரென்று கரையை ஏறி அடிக்கும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் வெளியூரிலிருந்து வந்த ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படி ஓர் அலைதான் கொண்டுபோனது. எச்சரிக்கை விட்டிருக்கும் நாட்களில் ஊர்ப் பிள்ளைகள் ஒருவர்கூட இறங்குவதில்லை. ஒரு நாள் கடல் பால்போல் கிடக்கிறதே என்று நான் காலை நனைக்கப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "இன்றைக்கு வேண்டாம், மக்களே" என்றார். அரை மணி நேரத்தில் என் பை இருந்த இடம்வரை தண்ணீர் வந்து போனது.

பெரிய படத்தை வீட்டில் நாலடிக்கு மூன்றடி கேன்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் தொடங்கினேன். வலை இழுக்கும் ஏழு பிள்ளைகள், வலைக்குள் தம்பி, பின்னால் மடியப்போகும் அலை. அலையும் மணலும் மட்டும் நேரில் பார்த்துப் பூச வேண்டியிருந்ததால், முக்கால்வாசி முடிந்த படத்தை மைத்துனரின் வேனில் ஏற்றிக் கரைக்கே கொண்டுபோனேன். காற்றில் கேன்வாஸ் பாய்மரமாகிவிட்டது. ஒரு படகின் விளிம்பில் சாய்த்துக் கட்டி, இரண்டு பையன்களைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மற்றவர்கள் சுற்றி நின்று யார் யார் என்று அடையாளம் கண்டார்கள். முகங்களை நான் வெறும் நிறத் திட்டாகத்தான் வைத்திருந்தேன். அது அவர்களுக்கு ஒரு தடையாகவே இல்லை.

காந்தப் பையன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாரே, இவன் விழுந்துவிடுவான்."

"யார்?"

தண்ணீர் ஓரத்தில் நான் நிறுத்தியிருந்த கடைசிப் பையனைக் காட்டினான். எனக்கு ரொம்பப் பிடித்த உருவம் அது. கால்களை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி, கம்பீரமாக நின்றான்.

"அலை மடியுமுன் தண்ணீர் கீழே திரும்பி ஓடும், சாரே. காலுக்கு அடியில் மண் போகும். இப்படி நேராக நின்றால் உள்ளே இழுத்துவிடும்."

சொன்னது புரிந்ததுபோல் தலையாட்டினேன். புரியவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாருங்கள் என்று கூட்டிப் போய் முழங்கால் தண்ணீரில் என்னை நிறுத்தினான். மே மாதக் கடல், பயப்பட ஒன்றும் இல்லை. போன அலையின் தண்ணீர் சரிவில் திரும்பி ஓடியது. முதலில் இரண்டு குதிகாலுக்கும் பின்னால் சிறு சுழி ஒன்று விழுந்தது. பிறகு குதிகாலைச் சுற்றியிருந்த கருமணல், யாரோ கரண்டியால் சுரண்டி எடுப்பதுபோல், ஒரு பிடி, இன்னொரு பிடி என்று போயிற்று. குதிகால் இறங்கியது, விரல்கள் தாமாகவே மணலைக் கவ்வின. உடம்பு எனக்குத் தெரியாமலே முன்னால், கடல் பக்கம் வளைந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். பையன் என் பக்கத்தில் அதே வளைவில், ஆனால் ஒரு தோளை மட்டும் தாழ்த்தி நின்றான். அவனுக்கு அது நிற்பதுதான், எனக்கு அது சமாளிப்பு.

கரையேறி அந்தக் கம்பீரத்தை ஒரு துணியால் துடைத்து எடுத்தேன். மனம் கொஞ்சம் வலித்தது. இரண்டு கோடையில் வந்த ஒரே நல்ல நெஞ்சு அது. அவனுடைய குதிகாலை மணலுக்குள் இறக்கினேன், முதுகை வளைத்தேன், தோளைத் தாழ்த்தினேன். காலடியில் கரைந்து போகும் மணலுக்குச் சியன்னாவும் நீலமும், அதன் ஓரத்தில் விரல்நுனியால் கொஞ்சம் சிவப்பு. கடைசியாக நுரை. வெள்ளையைக் கட்டியாகப் பிதுக்கி, கத்தியால் இழுத்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. ஈர வெள்ளையில் மிளகுப்பொடி தூவியதுபோல் கருமணல் ஒட்டிக்கொண்டது.

பையன்கள் "ஐயோ" என்றார்கள். 1870-இல் பிரெஞ்சு ஓவியர் மோனே துரூவில் கடற்கரையில் வரைந்த படம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதன் வண்ணத்திலும் அந்தக் கரையின் மணல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அதை நினைத்து நான் துடைக்காமல் விட்டேன். நம் மணல், நம் வெள்ளை, ஒன்றையொன்று தேடி வந்தவை. இருக்கட்டும்.

பத்து நாள் கழித்து வண்ணம் காய்ந்ததும் மறுபடி கொண்டுபோய்க் காட்டினேன். சொன்ன வார்த்தை, காட்டித்தான் ஆக வேண்டும். காந்தப் பையன் முதலில் அந்தக் கடைசி உருவத்தைப் பார்த்தான். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நூலைச் சுருட்டிக் கையில் பிடித்து, நுரையில் ஒட்டியிருந்த கறுப்புப் புள்ளிகளுக்கு நேராகக் காந்தத்தை மெல்லக் கொண்டுபோனான். கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"வரவில்லை, சாரே" என்றான். காந்தத்தைக் கால்சட்டையில் துடைத்து மணலில் போட்டு இழுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தான்.